நானூற்றுப் பன்னிரண்டாவது கோப்பு

இன்னும் எழுபத்தொரு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு நூலகத்தின் சின்ன அரங்கில் ஐகின் என்ற புதுக் கைக்கடிகாரத்துக்குக் கால்கயிறு அறுக்க வேண்டும். குழந்தை நடக்கத் தொடங்கியதும் அதன் கால்களில் கறுப்பு வெள்ளைக் கயிற்றைத் தளரச் சுற்றி, நல்ல மனிதர் ஒருவரைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்வது கசாக்கியர் வழக்கம். அறுப்பவரின் குணம் குழந்தைக்கு வரும். அல்மாட்டியில் இப்போது புத்தகத்துக்கும் கடைக்கும்கூட அதையே செய்கிறார்கள். கடிகாரத்துக்குச் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம் ஒரு மணி. எர்கெபுலான் ஒரு கையில் சூடான சம்சாப் பொட்டலமும் மறு கையில் கைப்பேசியுமாகப் பட்டறைக்குள் வந்தார். பேக்கரிக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள், அதுதான் பட்டறை. கடிகாரத் திட்டத்தைத் தொடங்கியவர் அவர். முப்பத்தெட்டு வயதுதான். ஆனாலும் பெயரை மரியாதையாகச் சுருக்கி எல்லோரும் எரெகே என்பார்கள்.

"முடிவு பண்ணியாச்சு. கயித்த அறுக்கப் போறது நம்ம இங்கார்தான்."

இங்கார் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கடிகாரத்தின் மென்பொருள் முழுக்க அவள் பொறுப்பு. காதுமடல் சூடாவது அவளுக்கே தெரிந்தது.

"இவளா?" என்றாள் வேரா பாக். கடிகாரத்தின் உள் போர்டை வரைந்தவள். ஐம்பது தாண்டியவள், கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் ஈயம் பற்றவைக்கும் கோல். "மேடையில ஏத்துனா கத்திரிக்கோலையே முழுங்கிடுவா."

"அதான் வேராக்கா வேணும்கறது. மூணு வருஷமா பாக்கறேன், இவ வாயிலேருந்து மொத்தம் பத்து வார்த்த வந்திருக்கும். அதுல ஒண்ணுகூட பொய்யில்ல. வாட்ச்சுக்கும் அந்தக் குணம் வரட்டும்."

"பத்து வார்த்தைக்குள்ள பொய்யச் சொருக இடமேதுப்பா?"

எரெகே சிரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினார். "இதக் கேளுங்க. கராகண்டாவுலேருந்து, தொலெகென்னு ஒருத்தர். சோதிக்கக் குடுத்தோமே அறுபது வாட்ச், அதுல ஒண்ணு இவர்ட்ட இருக்கு." சத்தமாகப் படித்தார்.

"என் இதயம் இடையிடையே ஒரு துடிப்பை விட்டுவிடும். மருத்துவமனைத் தாளில் அது தெரிகிறது. உங்கள் கடிகாரத்தில் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று ஒரே சீர். எங்கே விழுங்குகிறது என்று பார்க்க உங்கள் நிரலைத் திறந்தேன். துடிப்புக் கோப்பில் நிரலே இல்லை. பதினோராயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு எண்கள் மட்டும் இருக்கின்றன. மேலே அட்டவணை என்று எழுதியிருக்கிறது. முப்பது வருடம் சுரங்கத் தராசுகளைச் சோதித்து முத்திரை போட்டவன் நான். அட்டவணைக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். இதில் எதுவும் பிடிபடவில்லை. இது எதன் அட்டவணை? சனிக்கிழமை நேரில் வருகிறேன்."

"என்னா மனுஷன்!" என்றார் எரெகே. "பதினோராயிரம் எண்ணயும் உக்காந்து எண்ணிருக்காரு பாருங்க. இதுக்காகத்தானே எல்லாத்தயும் தொறந்து வெச்சோம்! இங்கார்ஜான், பதில் போட்டுடு. எதோட அட்டவணை அது?"

"எழுதறேன்," என்றாள் இங்கார்.

அது பொய்யில்லை. எழுதத்தான் வேண்டும். சம்சாவைக் கையில் வாங்கி, கடிக்காமல், விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அட்டவணையே இல்லை அது.

மணிக்கட்டில் படும் பச்சை விளக்கின் வெளிச்சம் ரத்தம் ஓடும்போது கூடிக் குறையும். அந்தக் கூடுதல் குறைவிலிருந்து துடிப்பைக் கணக்கிட வேண்டும். இங்கார் எழுதிய கணக்கு, கை அசையாமல் இருந்தால் சரியாக எண்ணும். கை அசைந்தால் உளறும். பதினான்கு மாதத்துக்கு முன்னால் முதல் கண்காட்சி நெருங்கியபோது, அந்த விளக்கையும் சென்சாரையும் விற்ற நிறுவனம் தன்னுடைய கணக்கைக் கொடுத்தது. மனிதர் படிக்கும் நிரலாக இல்லை, எந்திரம் மட்டும் படிக்கும் எண்களாக. வெளியே கொடுக்க மாட்டோம் என்று அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. அவள் அந்த எண்களை ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கி, அட்டவணை என்று பெயரிட்டு, மற்ற கோப்புகளோடு வைத்தாள். ஒரு வாரத்துக்குத்தான். தன் கணக்கு சரியானதும் எடுத்துவிடலாம்.

வாரம் முடிவதற்குள் பெயர் வைக்கும் கருவி ஓடியது. உலகத்தில் பாதிப் பேர் பயன்படுத்தும் சின்ன நிரல் அது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் யார் எழுதியது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமம், இரண்டையும் எழுதிவிட்டு, கடைசியில் கணக்குக் காட்டும். அன்று மாலை காட்டியது: நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் பச்சை. எரெகே அந்தப் பச்சையைப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டினார். மென்பொருள் நூற்றுக்கு நூறு ஓப்பன் சோர்ஸ், ஒளிவு மறைவு ஒன்றில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் அதை நம்பிக் கடிகாரம் வாங்கப் பெயர் பதிந்தார்கள்.

யாரும் இங்காரைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இப்போது ஒருவர் கேட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை பேருந்து பிடித்து நகருக்கு மேலே மலையிலிருக்கும் மெதெயு அணைக்குப் போனாள். அணையின் மேலே ஏறுவதற்கு எண்ணூற்று நாற்பத்திரண்டு படி. இடது கையில் அவளுடைய கணக்கு ஓடும் கடிகாரம். நாடி பார்க்க வலது கையின் இரண்டு விரல் கழுத்தில். இன்னும் ஐம்பது மணி நேரத்துக்குள் இந்தக் கணக்கை நடக்க வைத்துவிட்டால் எண்களைத் தூக்கி எறிந்துவிடலாம். தொலெகெனுக்கு நிஜமான நிரலைக் காட்டலாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிராது.

நூறாவது படியில் கழுத்து நூற்றுப் பதினெட்டு என்றது. கடிகாரம் தொண்ணூற்றாறு என்றது.

படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து இரண்டு வரி மாற்றினாள். மறுபடி ஏறினாள். இருநூறாவது படியில் கழுத்து நூற்று முப்பத்தொன்று, கடிகாரம் தொண்ணூற்றேழு. வேகத்தைக் கூட்டினாள். கடிகாரமும் கூட்டியது. நின்றாள். கடிகாரத்தில் எண் தடாலென்று இறங்கியது. ஆனால் கழுத்தில் இன்னும் மத்தளம்தான். அப்போதுதான் புரிந்தது. கடிகாரம் அவள் இதயத்தை விட்டுவிட்டு அவள் காலணியை எண்ணிக்கொண்டிருந்தது.

விளையாட்டுப் பள்ளிப் பெண்கள் கூட்டம் ஒன்று அவளைத் தாண்டி ஓடியது. "அக்கா, மூச்சு வாங்குதா? தண்ணி வேணுமா?" என்று ஒருத்தி கத்தினாள். இங்கார் தலையை ஆட்டினாள். பனி உருகி ஒழுகும் படிகளில் மதியம்வரை ஏறி இறங்கினாள். பதினொரு முறை திருத்தினாள். பதினோராவது திருத்தத்தில் கடிகாரம் இருபத்து நான்கு என்றது. அந்த எண்ணுக்கு அவள் செத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்பியபோது வேரா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்டிகளுக்குள் ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். தெரியாதவை என்று தலைப்பிட்ட தாள். சிப்பின் உள்வரைபடம் எங்களிடம் இல்லை. சென்சாரின் உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. திரையின் உள்ளே இருக்கும் சின்ன சிப்பைப் பற்றியும் தெரியாது. வன்பொருளில் திறந்திருப்பது நூற்றுக்கு அறுபத்தொன்று.

"வா, பசையத் தடவு. எங்கடி போன? காலெல்லாம் சேறு."

"மெதெயு."

"இந்த நேரத்துல ஊர்சுத்தல் வேறயா? குடுத்துவெச்சவ. உன் வேல முடிஞ்சு போச்சு, நூத்துக்கு நூறு வாங்கிட்ட. நான்தான் அறுபத்தொண்ண வெச்சிக்கிட்டு பெட்டி பெட்டியா என் மானத்த ஒட்டிட்டிருக்கேன்." வேரா ஒரு தாளை அழுத்தி நீவினாள். "போர்டு வரைபடம் குடுத்தேன். பெட்டி அச்சு குடுத்தேன். திருகாணி அளவு முதக்கொண்டு குடுத்தேன். சிப்புக்குள்ள என்ன இருக்குன்னு செஞ்சவன் சொன்னாத்தானே? எரெகே என்னான்னா, அத கொஞ்சம் சின்ன எழுத்துல போடலாமேங்கறான். உன்னோடத மட்டும் பலகை அளவுக்கு எழுதிட்டான். எனக்கு வயித்தெரிச்சல்டி, சொல்லிட்டேன்."

"வேராக்கா."

"என்ன?"

இங்கார் பசைக் குப்பியின் மூடியைத் திருகினாள். திருப்பித் திருகினாள்.

"என்னடி, முழுங்குற?"

"தாள் கோணலா இருக்கு."

வேரா பார்த்தாள். "ஆமா, கோணல்தான்," என்று பிய்த்து மறுபடி ஒட்டினாள்.

அன்றிரவு இங்கார் தொலெகெனுக்கு நான்கு கடிதம் எழுதினாள். முதலாவதில் இவை வடிகட்டும் எண்கள் என்றிருந்தது. அழித்தாள். இரண்டாவதில் இவை அளந்தெடுத்த எண்கள். அதையும் அழித்தாள். முப்பது வருடம் தராசு சோதித்தவர் அடுத்த வரியிலேயே எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று கேட்பார். மூன்றாவது மிக நீளம். நான்காவதில் ஒரே வரி: நேரில் சொல்கிறேன். அனுப்பிவிட்டுப் படுத்தாள். எழுந்தாள். சமையலறையில் நின்றபடியே ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். மணிக்கட்டில் தன் கணக்கைப் பார்த்தாள். எண்பத்தெட்டு. அசையாமல் நிற்கும்போது அது சரியாகத்தான் சொல்லும்.

வெள்ளிக்கிழமை காலை எரெகே வரும் முன்பே மாடிப்படியில் காத்திருந்தாள். இருபத்தேழு மணி நேரம் இருந்தது.

"என்னம்மா, சாவி தொலஞ்சு போச்சா?"

"துடிப்பு ஃபைல் நம்மளோடது இல்ல."

படியிலேயே சொல்லிவிட்டாள். சென்சார் நிறுவனம், கையெழுத்து, எண்கள், ஒரு வாரம் என்று நினைத்தது. மூன்று வருடத்தில் அவள் இவ்வளவு பேசியதில்லை. கீழே பேக்கரியில் தட்டுகளை இழுக்கும் சத்தம் கேட்டது. எரெகே சுவரில் சாய்ந்தார். தொப்பியைக் கழற்றினார்.

"பதினாலு மாசம்," என்றார். "பதினாலு மாசமா ஊரெல்லாம் நெஞ்ச நிமித்திட்டுத் திரியறேன் இங்கார்."

"தெரியும்."

"அடுத்தவன் பொருளத் தொடாத, அவன் கயித்தக்கூடத் தாண்டாதேன்னு எங்கப்பா படிச்சுப் படிச்சுச் சொல்வாரு. தாண்டறதாவது, நான் அந்தக் கயித்துல துணி காயப்போட்டிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "உன் கணக்கு என்ன ஆச்சு?"

"நடந்தா கால எண்ணுது."

"நாளைக்குள்ள?"

"முடியாது."

அவர் இரண்டு படி இறங்கினார், மறுபடி ஏறினார். "சரி. துடிப்ப எடுத்துடுவோம். நாளைக்கு வாட்ச்சுல துடிப்பு கிடையாது. பாதிப் பேர் போயிடுவாங்க, போகட்டும். மேடையில நானே சொல்லிடறேன்." பிறகு புருவத்தைச் சுருக்கினார். "ஆனா அந்த ஃபைல் மேல நம்ம பேரு எப்படி வந்துச்சு?"

"பேர் வைக்கற கருவி ஓடுச்சுல்ல."

"ஓடுச்சு."

"அன்னைக்கு வந்ததுதான்."

"அப்ப அந்தக் கருவியால வந்த வினை!" எரெகேயின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. "கண்ணு மூக்கு தெரியாத கருவி, எல்லா ஃபைலுக்கும் பொட்டு வெச்சிட்டுப் போயிருக்கு. அதப் போட்டே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னவன் நான். அப்ப தப்பு என்னோடது, உன்னோடது இல்ல. நீ எண்ண ஓரமா வெச்ச, அவ்ளோதான். நாளைக்குக் கயிறு நீதான் அறுக்கற. நீயா வந்து சொன்னியே, வேற யாரு சொல்லுவா?"

"எரெகே..."

கைப்பேசி அடித்தது. அரங்கில் நாற்காலி போடுகிறவன். எரெகே பேசிக்கொண்டே மேலே போனார். இங்கார் படியிலேயே நின்றாள். எல்லாம் சொன்னாயிற்று, ஒரு வாக்கியத்தைத் தவிர. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளை வதைத்தது.

அன்று முழுவதும் துடிப்புக் கணக்கை வெட்டியெடுக்கும் வேலை. எரெகே அவள் மேசைக்கு ஒன்பது முறை வந்தார். ஒன்பது முறையும் நாற்காலி, மைக், பவுர்சாக் பணியாரம் எத்தனை கிலோ என்று வேறு பேச்சு. ஒன்பது முறையும் அவள் வாயைத் திறந்து மூடினாள். மாலையில், எரெகே சொல்லித் தெரிந்துகொண்ட வேரா தன் பெட்டிகளிலிருந்து ஒரு தாளை உருவி, தெரியாதவையின் கீழே துடிப்பைப் பற்றிக் கையால் ஒரு வரி சேர்த்தாள். "இப்ப நீயும் நம்ம சாதி," என்று இங்காரின் தோளில் இடித்தாள். வேராவுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

சனிக்கிழமை அரங்கில் எண்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பழைய கோட்டும் கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையுமாக ஒருவர் மடியில் காகித உறையோடு உட்கார்ந்திருந்தார். உறையிலிருந்து மருத்துவமனைத் தாளின் ரோஜாக் கட்டங்கள் எட்டிப் பார்த்தன. இங்கார் அவரைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள்.

எரெகே சுற்றி வளைக்கவில்லை. யாரும் தொடாத புதுக் கணினி ஒன்றைக் கூட்டத்திலேயே ஒருவரிடம் கொடுத்து, மூல நிரலிலிருந்து மென்பொருளை எல்லோர் கண்முன்னும் உருவாக்க வைத்தார். அது கடிகாரத்தில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. கைதட்டல் அடங்கியதும் சொன்னார்.

"துடிப்பு இதுல இல்ல. எடுத்துட்டோம். துடிப்பு ஃபைல் நாங்க எழுதினதில்ல, சென்சார் வித்தவங்க குடுத்தது. அது மேல எங்க பேர கருவி வெச்சிடுச்சு. பேர் வைக்கற கருவி பண்ண தப்பு. அந்தக் கருவிய நம்புனவன் நான், அதனால தப்பு என்னோடது. நானூத்திப் பன்னெண்டுல ஒண்ணு. மத்த நானூத்திப் பதினொண்ணும் சுத்தம். யாருக்கு வேண்டாமோ பேர எடுத்துக்கலாம், நான் வருத்தப்பட மாட்டேன்."

முணுமுணுப்பு எழுந்தது. பின்வரிசையில் இருவர் எழுந்து போனார்கள். எரெகே வியர்வையைத் துடைத்துக்கொண்டு இங்காரைப் பார்த்துக் கையசைத்தார். மேசையில் கடிகாரம், அதன் இரண்டு பட்டைகளையும் சேர்த்துக் கட்டிய கயிறு, பக்கத்தில் கத்திரிக்கோல். அவள் மேடையேறினாள்.

"ஒரு நிமிஷம்," என்று தொலெகென் எழுந்தார். மெதுவான குரல். "தம்பி, நீங்க ஒத்துக்கிட்டது பெரிய விஷயம். எனக்கு ஒண்ணுதான் புரியல. நான் தராசு பாத்தவன். ஒரு தராசுல முத்திரை தப்பா விழுந்துதுன்னா நாங்க அந்தத் தராசப் பாக்க மாட்டோம். முத்திரையப் பாப்போம். முத்திரைக் கட்டையே கோணல்னா, அது போட்ட எல்லாத் தராசும் சந்தேகம்தான்."

"சரிங்க ஐயா."

"அப்ப உங்க கருவி ஒரு தடவ கண்ண மூடிட்டுப் பேர் வெச்சிருக்குன்னா, மத்த நானூத்திப் பதினொண்ணுலயும் அது கண்ணத் தொறந்துதான் வெச்சுதுன்னு நான் எப்படி நம்பறது?"

எரெகே மேசையிலிருந்த தாளை எடுத்தார்.

"அதானே?" என்றது ஒரு குரல். "மொத்தமா திரும்பப் பாக்கணும்," என்றது இன்னொன்று. முன்வரிசைப் பெண் ஒருத்தி பையை மூடினாள். எரெகே தாளைப் புரட்டினார், அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் புரட்டினார். மூன்று வருட வேலை முழுவதும், வேரா நீவி ஒட்டிய தாள்கள் முதல் அவளே எழுதிய அந்த நானூற்றுப் பதினொன்றுவரை, அந்த ஒரு கேள்வியில் சரிந்துகொண்டிருந்தது.

"கருவி தப்பு பண்ணல," என்றாள் இங்கார்.

யாருக்கும் கேட்கவில்லை. எரெகேவுக்கு மட்டும் கேட்டது. அவர் திரும்பினார். அவள் மைக்கை எடுத்தாள். அது கீச்சிட்டது.

"கருவி தப்பு பண்ணல ஐயா. அது கண்ண மூடிட்டு வெக்கல." நிறுத்தினால் குரல் மறுபடி வராது என்று தெரிந்து நிறுத்தாமல் பேசினாள். "நானூத்திப் பதினொண்ணுக்கும் அது நிக்காம போச்சு. இது ஒண்ணுக்குத்தான் நின்னுச்சு. இதுல வெறும் எண்ணா இருக்கு, இது நீங்க எழுதினதான்னு கேட்டுச்சு. ஆமான்னு அழுத்தினது நான்."